மாநில அரசில் திரைக்குப் பின்னால் இருக்கும் அரசியல் ஆலோசகர் வேலை வாழ்நாள் தொழிலாகுமா?

கேட்டவர் மார்த்தாண்டம் பக்கம் அரசியல் அறிவியல் படித்து முடித்தவர். தேர்தலில் நிற்க ஆசையில்லை, மேடைப்பேச்சும் வராது, ஆனால் அரசு முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறார். ஆகும் தம்பி. ஆனால் 'ஆலோசகர்' என்று பெயர்ப்பலகை வைத்த நாற்காலியைத் தேடாதீர்கள். நாகர்கோவிலில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் தொடங்கி, பிறகு சென்னையில் ஓர் அமைச்சரிடம் வேலை பார்த்தவன் நான்.

அமைச்சரின் நேர்முக உதவியாளர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள். குரூப் 2 எழுதி உதவிப் பிரிவு அலுவலராகத் தலைமைச் செயலகத்தில் நுழைந்தவர்களும் அதில் உண்டு. 1973 அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருப்பதால் அவர்கள் கட்சி வேலை செய்யக் கூடாது. அமைச்சர் சொந்தமாக நம்பி வைத்துக்கொள்ளும் ஆள் இன்னொரு வகை. நான் அந்த வகை. அமைச்சர் போனால் நாமும் போக வேண்டியதுதான், ஓய்வூதியம் கிடையாது. வெளியிலிருந்து வர, 1971-ல் அமைத்த மாநிலத் திட்டக் குழு உண்டு. இளைஞர்களை இரண்டு ஆண்டுக்கு எடுக்கும் முதலமைச்சரின் புத்தாய்வுத் (ஃபெலோஷிப்) திட்டமும் உண்டு.

சரி, வேலை என்ன? ஒக்கிப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் திரும்பவில்லை. குழித்துறையில் ரயிலை மறித்து ஊரே உட்கார்ந்தது. உடல் கிடைக்காத ஒருவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும். இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, காப்பீடு இல்லை. வீட்டுப் பெண்கள் ஏழு வருடம் எதை வைத்துச் சாப்பிடுவார்கள்? அரசு பிறகு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தது. மறியலில் கேட்ட குரல் அரசாணையின் வாசகமாக மாற வேண்டும் என்றால், மீன்வளம், வருவாய், காவல், சட்டம் என்று நான்கு துறையின் குறிப்புகளும் ஒரே கோப்பில் சேர வேண்டும். ஒரு துறை 'பரிசீலிக்கலாம்' என்று எழுதி நிறுத்தினால் போதும், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எந்த மேசையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அமைச்சருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இந்த வேலையின் சாரம் அதுதான்.

நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு இதில் ஒரு பலம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. பழைய நிலப் பதிவுகள் பல மலையாளத்தில். பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவக நிலங்களுக்கு 1964-லும், திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு உரிய ஸ்ரீபாதம் நிலங்களுக்கு 1972-லும் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி கிடையாது, வீடுகள் தொடர்ந்துகொண்டே போகும். ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்குத்தான் என்று எழுதியதால், வயலிலும் ரப்பர் தோட்டத்திலும் கூலி வேலை செய்கிற எத்தனையோ பெண்கள் பேரூராட்சியில் குடியிருக்கிற ஒரே காரணத்துக்காக வெளியே நின்றார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே அச்சில் திட்டம் வரும்போது 'குமரியில் இது பொருந்தாது' என்று ஆதாரத்தோடு சொல்கிறவருக்கு அந்த அறையில் மதிப்பு தானாக வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். டிரான்ஸ்பர் சிபாரிசு, டெண்டர் விசாரிப்பு என்று வருகிறவர்கள் அமைச்சரிடம் போகுமுன் உங்களிடம்தான் வருவார்கள். பணிவாகப் பேசுவார்கள், சொந்தக்காரராகவும் இருப்பார்கள். ஒருமுறை ஒரு பேப்பரை வாங்கி உள்ளே கொண்டுபோனால், அப்புறம் நீங்கள் சொல்லும் நல்ல யோசனையையும் அமைச்சர் 'இதில் இவனுக்கு என்ன?' என்றுதான் பார்ப்பார். அப்படி வீணாய்ப்போன அறிவாளிகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

தொடங்க சென்னை போக வேண்டாம். சட்டமன்றத்தில் துறைகளுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் இலவசம். மீன்வளத்துறையுடையதைச் சில வருடங்களுக்குச் சேர்த்து வாசியுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்கும் விவசாயிகள் கூட்டத்துக்கும் போய் உட்காருங்கள். கேட்டதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிப் பழகுங்கள். பிறகு மாவட்டத்தின் ஆறு எம்.எல்.ஏ. அலுவலகங்களில் ஒன்றில் போய், சட்டமன்றக் கேள்விகளை எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். அந்த வேலைக்குப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.