பீஸ் லில்லி இருக்கட்டும், டிஃப்யூசரை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் பூனைக்கு இரண்டு வயது. போன வாரம் பீஸ் லில்லி இலையைக் கடித்துவிட்டு ஒரு மணி நேரம் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. லில்லி பூனையைக் கொன்றுவிடும் என்கிறார்களே, எல்லாச் செடிகளையும் எடுத்துவிட வேண்டுமா? படுக்கையறையில் இரவு முழுக்க யூகலிப்டஸ் எண்ணெய் டிஃப்யூசர் ஓடுகிறது. இயற்கை எண்ணெய்தான், ஒன்றும் ஆகாது என்று விற்றவர் சொன்னார்.

பதில்: பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி. உண்மையில் அது சேம்பு குடும்பத்துச் செடி. இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி ஊசியான படிகங்கள் இருக்கின்றன. கடித்ததும் அவை நாக்கிலும் ஈறிலும் குத்தும். எச்சில் ஒழுகியது அதனால்தான். மணி பிளான்ட், டைஃபன்பாக்கியா இரண்டும் இதே ரகம். வாய் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்.

ஆனால் இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் பூனைகள் சாகின்றன என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பீஸ் லில்லிக்கு ஒரே ஒரு வெள்ளை மடல், நடுவில் ஒரு சிறு கதிர். அசல் லில்லிக்கு ஆறு இதழ், நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும் ஆறு மகரந்தத் தாள்கள். பூங்கொத்தில் வரும் ஏசியாட்டிக், ஓரியண்டல், ஈஸ்டர் லில்லி எல்லாம் இதுதான். டே லில்லி வேறு இனம், ஆனால் பூனைக்கு அதுவும் அதே விஷம். இலை, பூ, குவளைத் தண்ணீர் எதுவுமே ஆகாது. தும்மிக்கொண்டிருக்கிறது என்று என் சிகிச்சை மேசைக்கு வந்த ஒரு பூனையின் மூக்கு நுனியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தது. லில்லி மகரந்தம். அதை நக்கினாலே போதும், சிறுநீரகம் கெட்டுவிடும். முதலில் வாந்தி, அப்புறம் தெளிந்தது போலத் தெரியும், ஓரிரு நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். சுமார் 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்ற ஆரம்பித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. "காலையில் பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். பீஸ் லில்லி, அசல் லில்லி இரண்டையும் வெறும் "லில்லி" என்றே விற்கிறார்கள். தொட்டியில் தாவரவியல் பெயர் எழுதி ஒட்ட என்ன செலவாகிவிடும்? கேட்பாரில்லை, அதனால் எழுதுவதில்லை.

சரி, எண்ணெய்க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இதுதான். இந்த எண்ணெய்களில் இருக்கும் பல பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. டிஃப்யூசர் எண்ணெயை நுண்துளியாக்கிக் காற்றில் விடுகிறது, அது ரோமத்தில் படிகிறது, பூனை நக்குகிறது. மூடிய அறையில் இரவு முழுக்க என்றால் இது தினமும் நடக்கிறது. "இயற்கை" என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. அரளியும் இயற்கைதான். செடியில் துளித் துளியாக இருப்பதை வடித்து அடர்த்தியாக்கிய சரக்கு இது. டீ ட்ரீ எண்ணெயை உண்ணிக்கு மருந்து என்று சொல்லி விற்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். அதை நீர்க்காமல் தடவியதில் நடுங்கி, கால் துவண்டு வரும் பூனைகளையும் நாய்களையும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். புட்டியைத் திருப்பிப் பார்த்தால் "வாசனைப் பொருள்" என்று ஒரே வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சிகிச்சையைத் தீர்மானிப்பது?

இன்றே டிஃப்யூசரை அணைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூனைக்கு இருமல், இழுப்பு, தள்ளாட்டம் ஏதாவது தெரிந்தால் அழைத்து வந்துவிடுங்கள். ரோமத்தில் எண்ணெய் பட்டிருந்தால் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், உப்பே தனி விஷமாகிவிடும். வரும்போது புட்டியையும், கடித்தது செடி என்றால் இலையும் பூவுமாக ஒரு கிளையைப் பையில் கட்டியும் எடுத்து வாருங்கள்.