பின்கோடைப் பிரித்துப் பார்க்கும் மகளை என்ன படிக்க வைப்பது?

தக்கலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் மகள் நோட்டு நோட்டாகப் பெரிய எண்களை வகுத்துக்கொண்டிருக்கிறாள், கணக்கே படிப்பேன் என்கிறாள், இது சோறு போடுமா, கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படமெடுத்து அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். நாகர்கோவில் பின்கோடு 629001-ஐக் காரணிகளாகப் பிரிக்க எடுத்திருக்கிறாள். இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 9-ஆல் வகுபடும், ஈவு 69889. அதை 7, 11, 13 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் போய் 47-இல் பிடித்துவிட்டாள்: 47 × 1487.

இதுவரை பொறுமையுள்ள யாரும் செய்வார்கள். அடுத்த வரிதான் விஷயம்: '1487 பகா எண். இனி வகுக்க வேண்டாம்.' ஏன் வேண்டாம்? 1487 பிரிவதாக இருந்தால் அதன் ஒரு காரணி 39-க்குள் இருந்தாக வேண்டும். அப்படி ஒன்று இருந்திருந்தால் 69889-ஐ வகுக்கும்போதே சிக்கியிருக்கும். கணக்குப் போடுவது வேறு, போடத் தேவையில்லை என்று காரணத்தோடு நிறுத்துவது வேறு. இரண்டாவது தெரிந்த பிள்ளைகள் குறைவு, அம்மா.

சோறு விஷயத்துக்கு வருகிறேன். பெரிய எண்ணைக் காரணிகளாக உடைப்பது கடினம் என்பதை நம்பித்தான் 1977-இல் ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறியீட்டு முறை, அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை, வந்தது. இன்று அதில் 617 இலக்க எண்கள் சாதாரணம். எந்த எண்ணும் பகா எண்ணா என்று சந்தேகமின்றி விரைவாகச் சொல்லும் வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து கண்டுபிடித்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள், அதுவும் கம்ப்யூட்டர் சயன்ஸ். ஆக, நீங்கள் கேட்கும் கம்ப்யூட்டரும் அவள் கேட்கும் கணக்கும் சண்டைக்காரர்கள் இல்லை.

சிறுசேரி சென்னைக் கணிதக் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. பெங்களூரு இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பி.மேத். என்ற கணிதப் பட்டப்படிப்பு. இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு. தூரம் பயமாக இருந்தால் திருவனந்தபுரம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) பக்கம்தான். ஆனால் அந்தத் தேர்வில் உயிரியல் கேள்வியும் வரும், கம்ப்யூட்டர் குரூப் பிள்ளைக்கு அது சுமை. ஒன்றும் அமையாவிட்டால் நாகர்கோவில் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம், பிறகு ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் நல்ல வேலை கஷ்டம், அதை மறைக்க மாட்டேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கட்டும். அதற்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும், கூடுதல் தேர்வு இல்லை. சென்னைக் கழகத்தின் பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். விடையோடு காரணத்தையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டிவரும். தமிழ்வழியில் படிக்கிறாள் என்றால் அந்தப் பழக்கத்தை இந்த லீவிலேயே தொடங்கச் சொல்லுங்கள். 1487-க்கு எழுதிய அதே வரியிலிருந்து தொடங்கலாம்.