கருங்கல் தூசியால் வந்த நோய்: இரண்டு இலட்சத்துக்குக் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: ஓமந்தைப் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு வயது 47. கருங்கல் உடைக்கும் கிரஷரில் 11 வருடம் நாட்சம்பளத்துக்கு நின்றவர். இப்போது நுரையீரலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். “சிகரட் குடிச்ச ஆள்தானே” என்கிறார் முதலாளி. இரண்டு இலட்சம் தருகிறாராம், “இனி ஒரு கோரிக்கையும் இல்லை” என்று எழுதித் தரவேண்டுமாம். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்து வைக்க வேண்டாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, தொழிலாளி தன் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் கடிதம் செல்லாது. நட்டஈட்டுத் தொகை பற்றி இருவரும் உடன்பட்டாலும் அது வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். செல்லாத கடிதம்தானே, வைத்தால் என்ன என்று நினைக்காதீர்கள். பிறகு விசாரணையில் முதலாளி பக்கம் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

சிகரட் கதைக்கு வருவோம். வவுனியாப் பக்கத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் நிறைய உண்டு. அதை உடைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசியை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்துக் கூடுமே தவிர, ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது. கல் விழும் வாயிலும் சல்லடையிலும் வெள்ளையாய் எழும் புழுதியில் பெரும்பங்கு கீழே படிந்துவிடும். ஆளைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் 10 மைக்ரோனுக்கும் குறைந்த துகள். மூக்கில் கட்டும் லேஞ்சி அதை மறிக்காது. கல்லில் தண்ணீர் தெளித்து உடைத்தால் தூசி வெகுவாகக் குறையும். அங்கே தண்ணீர்க் குழாய் இருந்ததா, ஓடியதா என்று கணவரிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.

சட்டத்தில் கஷ்டமான இடம் வேறொன்று. கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களையும் அவை வரக்கூடிய வேலைகளையும் நிரைப்படுத்துகிறது. நோயும் வேலையும் அதில் இருந்தால் வழக்கு இலகு. வெறும் “நுரையீரல் புற்றுநோய்” என்று மட்டும் வைத்தியசாலை அட்டையில் இருந்தால், வேலையால்தான் வந்தது என்று நிறுவும் பாரம் உங்கள் தலையில். ஆகவே அட்டவணையின் பிரதியோடு வைத்தியரிடம் போங்கள். கல்தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசநோய் போலத் தெரியலாம்; சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தொற்றுவதும் சுலபம். முன்பு காசநோய் மருந்து எடுத்திருந்தால் மார்பு நோய்ப் பிரிவின் பழைய பதிவையும் எடுங்கள். என்ன வேலை, எத்தனை வருடம், எந்தத் தூசி: இந்த மூன்றும் வைத்திய அறிக்கையில் எழுத்தில் வரவேண்டும். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

அடுத்து, அவர் அங்கே வேலை செய்தவர் என்பதற்குச் சாட்சி. நாட்சம்பளக்காரருக்குச் சம்பளச் சிட்டை இருக்காது. வங்கிப் புத்தகம், கல் ஏற்றிய லொறியின் துண்டுச்சீட்டுகள், தொலைபேசியில் எடுத்த படம் எல்லாம் பயன்படும். கூட நின்ற இரண்டு மூன்று பேரிடம் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி வாங்குங்கள். இன்னும் அங்கேயே வேலை செய்பவர் பயப்படுவார். விலகிப் போனவரைத் தேடுங்கள். கொந்தராத்துக்காரர் ஊடாகச் சேர்த்தவர் என்று முதலாளி கைகழுவினாலும், தன் தொழிலுக்காக வேலை வாங்கியவருக்குச் சட்டம் பொறுப்புச் சுமத்துகிறது.

முதலாளி தராத தாள்களை அரச அலுவலகங்களில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அகழ்வு உரிமம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், தொழில் திணைக்களப் பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றின் பிரதியைக் கோருங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். தூசி அடக்க வேண்டும் என்ற நிபந்தனை உரிமத்திலேயே இருந்தால் உங்கள் கை பலமாகும்.

2022 திருத்தத்துக்குப் பிறகு நட்டஈட்டின் உச்ச வரம்பு 20 இலட்சம் ரூபா. எல்லோருக்கும் அது கிடைக்காது. சம்பளத்தையும் இயலாமையையும் வைத்துத்தான் கணக்கு. முதலாளியின் கவனயீனத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் வழி உண்டு, ஆனால் இரண்டில் ஒன்றுதான். நீதிமன்ற வழக்குப் போடும் கால எல்லை இரண்டு வருடம்; நோய் உறுதியான திகதியைக் குறித்து வையுங்கள். வருமானம் நின்றுபோன குடும்பத்துக்கு ஆணையாளர் வழியே நல்லது என்பது என் கருத்து. கோரிக்கையையும் இப்போதே கொடுத்துவிடுங்கள், பிந்தினால் பிந்தியதற்குக் காரணம் சொல்லவேண்டி வரும்.

இதற்கு வெளியே கிடைக்கவேண்டிய காசும் இருக்கிறது. நாட்சம்பளக்காரருக்கும் ஊழியர் சேமலாப நிதி (EPF) உண்டு: முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) முதலாளி தனியாக 3 வீதம். கட்டாமல் விட்டிருந்தால் வவுனியா மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். நிரந்தரமாக முற்றாக இயலாமல் போனவர் 55 வயது வரை காத்திராமல் சேமலாப நிதியை எடுக்கலாம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடமென்றால், வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடையும் உண்டு: நாட்சம்பளக்காரருக்கு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம். நாள் 2,000 ரூபா என்று வைத்தால், 11 வருடத்துக்கு 3,08,000 ரூபா. முதலாளி நீட்டும் இரண்டு இலட்சம் பணிக்கொடைக்கே காணாது.