கிரவுண்டு பின்னில் மட்டும் சால்டர் ஏறாதது ஏன்?

கேள்வி: எங்கள் போர்டில் 16 பின் கொண்ட கனெக்டர் ஒன்று உள்ளது. செலக்டிவ் சால்டரிங் இயந்திரத்தில் (உருகிய பற்றாசான சால்டரை, நாசில் என்ற சிறு குழாய்முனை வழியே கீழிருந்து தேவையான பின்களுக்கு மட்டும் ஊட்டுவது) 14 பின்கள் நன்றாகவே வருகின்றன. கிரவுண்டுக்கு உரிய 2 பின்களில் மட்டும் சால்டர் துளையின் பாதியோடு நின்றுவிடுகிறது. சால்டர் உருகும் தொட்டியின் வெப்பநிலையை 300 டிகிரியிலிருந்து 320 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தியும் பயனில்லை. இன்னும் உயர்த்தலாமா?

பதில்: வேண்டாம். உயர்த்தியதையும் முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

போர்டைச் சற்றுச் சாய்த்து, மேற்புறத்திலிருந்து உருப்பெருக்கியில் அந்த 2 பின்களையும் பாருங்கள். நல்ல துளையில் சால்டர் பின்னைத் தழுவி ஏறி, துளையைச் சுற்றியுள்ள செம்பு வட்டமான பேடின் மீது மெல்லிய சரிவாகப் படிந்திருக்கும். கிரவுண்டு துளையிலோ பின்னைச் சுற்றிச் சிறு கிணறு போல இருண்ட வளையம் ஒன்று தெரியும். சால்டர் அதன் அடியில் உறைந்து நிற்கும். உருகிய சால்டர் நுண்புழை விசையால் துளைக்குள் ஏறுகிறது. ஆனால் துளையின் சுவரும் பின்னும் அதன் உருகுநிலைக்கு மேல் சூடாக இருக்கும் வரையில்தான் அது ஏறும். 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு கொண்ட வழக்கமான ஈயமற்ற கலவை 217 முதல் 220 டிகிரிக்குள் உருகுகிறது. உங்கள் கிரவுண்டு பின்கள் போர்டின் உள்ளே இருக்கும் அகன்ற செம்புத் தளங்களோடு இணைந்தவை. நாசில் கீழிருந்து தரும் வெப்பத்தை அத்தளங்கள் நாற்புறமும் இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. மற்ற 14 பின்களுக்கும் மெல்லிய தடம் ஒன்றுதான் இருப்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே குறைவது தொட்டியின் சூடு அன்று, போர்டின் சூடு. வெப்பநிலை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிள் ஒன்றை மேற்புறத்தில் கிரவுண்டு பின்னுக்கு அருகிலேயே ஒட்டி, முன்சூடேற்றம் முடியும்போது அங்கே எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். உங்கள் ஃப்ளக்ஸின் (சால்டர் நன்றாக ஒட்டுவதற்காக உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் திரவம்) தரவுத்தாள் கூறும் அளவை, பொதுவாக 100 முதல் 130 டிகிரிக்குள் அமைவதை, அந்த இடம் தொட்டிருக்க வேண்டும். கனமான பல அடுக்குப் போர்டுகளில், பற்றவைப்பு நடக்கும்போதும் மேலிருந்து சூடேற்றிக்கொண்டே இருப்பது நல்லது. அதன் பிறகும் குறை இருந்தால், அந்த 2 பின்களுக்கு மட்டும் நாசில் தங்கும் நேரத்தைச் சிறிது கூட்டுங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியே நேரம் வகுக்க முடிவதுதானே இந்த இயந்திரத்தை வாங்கியதன் பயன்!

தொட்டியைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஃப்ளக்ஸ் தன் வேலையை முடிக்கும் முன்பே கருகிவிடும். அதைவிடப் பெரிய கேடு, வெள்ளீயம் மிகுந்த சூடான சால்டர் செம்பையே கரைத்துக்கொள்வது. துளையின் கீழ் விளிம்பில், பேடும் சுவரும் சேரும் மூலையில், செம்பு மெலிந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது, போர்டை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த வடிவமைப்பில், உள் தளங்களுடனான இணைப்பை முழுச் செம்பாக விடாமல் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற மெல்லிய தடங்களாக அமைக்கச் சொல்லுங்கள். மின்னணுப் போர்டுகளை ஏற்பதற்கான ஐபிசி ஏ 610 தரநிலை மூன்றாம் வகுப்புக்கு, அதாவது மிக உயர்ந்த நம்பகத்தன்மை வேண்டிய பொருள்களுக்கு, துளை உயரத்தில் 75 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் வகுப்பில், வெப்பத்தை இழுக்கும் தளங்களோடு இணைந்த துளைகளுக்குச் சில நிபந்தனைகளுடன் 50 விழுக்காடு போதும். உங்கள் பொருள் எந்த வகுப்பு என்பதை உறுதிசெய்த பின்னரே போர்டை ஒதுக்குங்கள்.

கேள்வி: வரிசையின் கடைசி இரண்டு பின்கள் மட்டும் அடிக்கடி ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகின்றன. ஏன்?

பதில்: நாசில் நகரும்போது ஒரு பின்னில் மிகும் சால்டரை அடுத்த பின் இழுத்துக்கொள்கிறது, கடைசிப் பின்னுக்கு அப்படி இழுத்துக்கொள்ள அடுத்தது இல்லை. வரிசையின் முடிவில் வெற்றுப் பேட் ஒன்றை வைத்தால் மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். அதற்கு இடமில்லையெனில், முடிவில் நாசில் விலகும் வேகத்தைக் குறையுங்கள். பின்களின் கீழ்நீட்சியைச் சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். நாசிலைச் சுற்றி நைட்ரஜன் ஒழுங்காக வருகிறதா என்பதையும் பாருங்கள். ஆக்சைடு படிந்த சால்டர் அறுபடாமல் இழுபடும்.

கேள்வி: நோ கிளீன் ஃப்ளக்ஸ் பயன்படுத்துகிறோம், எனவே கழுவுவதில்லை. ஈரப்பதச் சோதனையில் சில போர்டுகளில் மின்கசிவு ஏற்படுகிறது. ஃப்ளக்ஸ் காரணமாக இருக்குமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். ‘நோ கிளீன்’ என்ற பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. போதிய சூடு பட்டு அமிலக்கூறுகள் சிதைந்த பிறகு எஞ்சும் படிவத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். போர்டை உருகிய சால்டர் அலையின் மீது ஓட்டும் அலை சால்டரிங்கில் போர்டின் கீழ்ப்புறம் முழுவதும் சூடாகிறது. செலக்டிவ் முறையிலோ நாசில் தொடும் சிறு வட்டம் மட்டுமே அந்தச் சூட்டைக் காண்கிறது. அதைத் தாண்டிப் பரவிய ஃப்ளக்ஸும், அருகிலுள்ள சிப்பின் அடியில் ஊர்ந்து புகுந்த ஃப்ளக்ஸும் செயல்திறன் குறையாமல் அப்படியே கிடக்கும். ஈரமும் மின்னழுத்தமும் சேரும்போது, அங்கே உலோக அயனிகள் நகர்ந்து மரக்கிளை போன்ற இழைகளாக வளரும். தெளிக்கும் முனையின் குறியையும் அளவையும் சரிபாருங்கள்: ஒரு போர்டுக்குப் பதிலாக ரசீது அச்சிடும் வெப்பத்தாளை வைத்துத் தெளித்தால், துளி எங்கே விழுகிறது, எவ்வளவு பரவுகிறது என்று கறையிலேயே தெரிந்துவிடும். துளைக்குள் ஏறாத சால்டரை ஏற்றுவதற்காக ஃப்ளக்ஸைக் கூட்டிவிடும் வழக்கம் இருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: துளைப் பின்னுக்கு எவ்வளவு அருகில் சிப் பொருத்தலாம்?

பதில்: நாசில் பக்கத்தில் பேடின் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் விடுவது பொதுவான வழக்கம். அதற்குள் வைத்தால் சிப்பின் கால்களில் ஏற்கெனவே உறைந்த சால்டர் மீண்டும் உருகக்கூடும். துளைப் பின்னிலும் சிப்பின் கால்களிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே கலவைதான்.