40,000 கட்டினால் ராணுவ அதிகாரியா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. இங்கே ஒரு தனியார் கல்லூரி 'ராணுவ அதிகாரி பயிற்சியுடன் பட்டப்படிப்பு' என்று விளம்பரம் செய்கிறது. கல்விக் கட்டணம் போக ஆண்டுக்கு 40,000 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள். ஏற்காடு மலையேற்றம் எல்லாம் உண்டாம். சேர்க்கலாமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அந்த 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள். நம் நாட்டில் ராணுவ அதிகாரிக்கான பயிற்சியைப் படைகளின் சொந்த அகாடமிகள்தான் தருகின்றன. எந்தத் தனியார் கல்லூரியும் தர முடியாது. பட்டம் முடித்த பெண்கள் தரைப்படை அதிகாரி ஆகப் பெரும்பாலும் போய்ச் சேரும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி சென்னை பரங்கிமலையில் இருக்கிறது. 49 வாரப் பயிற்சி. அங்கே கட்டணம் வாங்குவதில்லை. பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறார்கள்.

அங்கே போக கல்லூரி நாட்களில் உதவுவது என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படை. 1948-ல் சட்டம் இயற்றித் தொடங்கிய அமைப்பு. அதில் 'சி' சான்றிதழை 'பி' கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் வைத்திருந்தால், 19 முதல் 25 வயதுக்குள் திருமணம் ஆகாதவர்கள் சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்களை வடிகட்டி, நேராக எஸ்.எஸ்.பி. என்கிற ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். என்.சி.சி. இல்லாதவர்களுக்கும் கதவு மூடவில்லை, யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வில் தேறி அதே எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம்.

அதனால் கல்லூரியில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இங்கே என்.சி.சி. இருக்கிறதா? பெண்களுக்கு இடம் உண்டா? இதை அழுத்திக் கேளுங்கள். சில கல்லூரிகளில் ஆண்களுக்கு மட்டும் என்.சி.சி. பிரிவு இருக்கும். சேர்ந்த பிறகு தெரிந்தால் பயனில்லை. போன ஆண்டு எத்தனை மாணவிகள் 'சி' சான்றிதழ் வாங்கினார்கள் என்பதையும் கேளுங்கள். என்.சி.சி. பொறுப்பில் இருக்கும் பேராசிரியரையே பார்த்துப் பேசுங்கள். அவர் பரேடைப் பற்றியும் கேம்ப்பைப் பற்றியும் ஆர்வமாகச் சொல்கிறாரா, பேச்சைத் தட்டிக்கழிக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சேலத்தில் அரசுக் கல்லூரிகளும் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரியுங்கள், கட்டணம் குறைவு.

எந்தப் பாடம் எடுப்பது? அவளுக்குப் பிடித்த பாடம். பிடிக்காத படிப்பில் அரியர் விழுந்து 50 சதவீதம் நழுவினால் 'சி' சான்றிதழும் கைகொடுக்காது.

உண்மையான சோதனை எஸ்.எஸ்.பி.தான். ஐந்து நாள். முதல் நாள் சோதனையிலேயே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிச்ச நாட்களில் மனவியல் தேர்வு, குழுவாகச் செய்யும் வேலைகள், தனி நேர்காணல், கடைசியாக எல்லா அதிகாரிகளும் உட்காரும் கூட்டம். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறாளா, நெருக்கடியில் தெளிவாக யோசிக்கிறாளா என்று பார்க்கிறார்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் அங்கே தயங்குவது ஆங்கிலத்தில்தான். இன்றிலிருந்தே தினம் ஒரு ஆங்கில நாளிதழ் படிக்கட்டும், படித்ததைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசட்டும். நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள். ஓட்டத்துக்குக் காந்தி மைதானம் போதும். மலைக் காற்று வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு நீங்கள் இருவருமே போய் வரலாம். அதற்காகக் கல்லூரிக்கு 40,000 ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். என்.சி.சி.க்கு ஆள் எடுப்பது முதலாம் ஆண்டின் தொடக்கத்தில். இரண்டாம் ஆண்டில் 'பி', அதற்கு அடுத்த ஆண்டில் 'சி' என்று சான்றிதழ்கள் வரிசையாக வருவதால், மூன்றாண்டுப் படிப்பில் ஓராண்டு விட்டால் 'சி' கைக்கு எட்டாது. கல்லூரி திறந்த முதல் வாரமே அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.