புதர் மண்டிய கொல்லையில் காய்கறி: இயந்திரத்தைக் கூப்பிடும் முன்

கேள்வி: திண்டுக்கல் அருகே எங்கள் பூர்வீக வீட்டுக் கொல்லை நான்கு சென்ட். ஆறு வருடமாக ஆள் இல்லாததால் கோரை, அருகு, பார்த்தீனியம், சீமைக்கருவேலம் எல்லாம் மண்டிக் கிடக்கிறது. சித்திரை முடியப்போகிறது, ஆடிப்பட்டத்தில் காய்கறி போட ஆசை. பொக்லைன் விட்டுச் சுரண்டி, ரொட்டவேட்டர் ஓட்டினால் போதுமா? உப்புக் கரைத்து ஊற்றினால் களையே வராது என்கிறார்களே?

பதில்: மூன்றும் வேண்டாம். உப்பு களையைக் கொல்லும். ஆனால் மண்ணிலேயே தங்கி, பிறகு நீங்கள் நடும் கத்தரியையும் சேர்த்துக் கருக்கும். பொக்லைன் வாளி சுரண்டுவது மேலே உள்ள அரை அடி மண்ணை. ஆறு வருட இலைச்சருகு மக்கிச் சேர்ந்த சத்து முழுக்க அதில்தான் இருக்கிறது. ரொட்டவேட்டர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். சங்கிலி அறுபடாத வரை நுனிக் கிழங்கு முளைக்கும். மற்றவை பெரும்பாலும் உறங்கும். ரொட்டவேட்டரின் கத்தி அதைத் துண்டாக்கியதும் உறங்கிய ஒவ்வொன்றும் தனிச்செடியாகக் கிளம்பும். அருகம்புல்லும் அப்படியே, ஒவ்வொரு கணுவும் ஒரு நாற்று. ஓட்டிய அன்று கொல்லை பளிச்சென்று இருக்கும். ஒரு மழை பெய்தால் முன்னைவிட அடர்த்தியாகப் பச்சை கட்டும். எனவே முதலில் களையைப் பிரித்தறியுங்கள். விதையில் வருவதற்கு ஒரு வைத்தியம், வேரில் வருவதற்கு வேறு.

இந்தப் பட்டத்துக்கு ஒரு சென்ட் மட்டும் திறங்கள். நான்கையும் ஒன்றாகத் திறந்தால் வாரம் தவறாமல் களை கொத்த உங்களால் ஆகாது. ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் பக்கமாகப் பார்த்து எடுங்கள்; வேப்பமர நிழலில் வெண்டை காய்க்காது.

வெட்டும் வேலையை விடிந்து நல்ல வெளிச்சம் வந்தபின், வீட்டை ஒட்டிய பக்கத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி நகர்த்துங்கள். உள்ளே பாம்பு இருந்தால் அது வீட்டுக்குள் ஓடாமல் வெளியே போக வழி கிடைக்கும். முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, முன்னால் தட்டிப் பார்க்க நீளமான கம்பு. கல், ஓட்டுக் குவியலில் வெறுங்கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் கிட்டே போக வேண்டாம். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் நான்கு கிளையாகத் தழைக்கும். சுற்றிலும் பறித்து, ஒரு அடி ஆழத்தில் வேர்க்கட்டையையே வெட்டி எடுக்க வேண்டும்.

இனி கோரையும் அருகும். கடப்பாரையால் நெம்பி, மண்கட்டியை உடைத்து, கிழங்கையும் கொடியையும் கையால் பொறுக்குவதைவிடச் சுருக்குவழி இல்லை. ஒன்றரைச் சாண் ஆழம் போங்கள். பொறுக்கியதைச் சிமென்ட் தரையில் இரண்டு வாரம் வெயிலில் காயவிடுங்கள். எருக்குழியில் போட்டால் எருவோடு பாத்திக்கே திரும்பி வரும். கோரையை பிளாஸ்டிக் தாளால் மூடி ஒழிக்கலாம் என்று நம்பாதீர்கள், அதன் முளை ஊசிபோலத் தாளைத் துளைத்து வெளிவரும்.

தோண்டும்போது பழைய காரை, சிமென்ட் கட்டி வந்தால் ஒரு அடி ஆழம் வரை பொறுக்கிவிடுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் இளந்தளிர் வெளுக்கும். சந்தேகமிருந்தால் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழ மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

வைகாசிக் கடைசியில் பொறுக்கி முடித்திருந்தால் விதைக்க அவசரப்படாதீர்கள். முதலில் மேட்டுப்பாத்தி போட்டு, மேலே மட்டம் செய்து தண்ணீர் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் மண்ணில் கிடந்த களைவிதைகள் முளைத்துவிடும். களைக்கொத்தால் மேலாக, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் செதுக்குங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உள்ள விதைகள் மேலே வந்து வேலை திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆனியில் இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.

மேட்டுப்பாத்தியின் அளவு: மூன்றரை அடி அகலம், அரை அடி உயரம், நடுவில் ஒன்றரை அடி நடைபாதை. சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் போதும். பச்சைச் சாணத்தைப் போட்டால் மாடு தின்ற களைவிதைகளும் கூடவே வரும். வெட்டிய காய்ந்த புல்லை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே மூடாக்காகப் போடுங்கள். புதைத்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாகி நிற்கும். மூடாக்குக்குப் போகும் புல்லில் விதைக்கதிர் இருக்கக் கூடாது. நான்கு விரல் கனம் போடலாம், தண்டிலிருந்து சற்றுத் தள்ளி.

முதல் பட்டத்தில் சின்ன வெங்காயம், கொத்தமல்லி, கேரட் வேண்டாம். இலை குறுகி நிற்கும் இவை களையிடம் தோற்கும். வெண்டை ஒன்றரை அடிக்கு ஒரு அடி, கத்தரி இரண்டடிக்கு இரண்டடி, ஓரத்தில் இரண்டு குழி பூசணி. கோரைக்கு நிழல் ஆகாது என்பதால் பூசணிக் கொடி படர்ந்த இடத்தில் அது மெலியும். வேலியோரம் துத்தி முளைத்தால் வெண்டைக்குப் பக்கத்தில் விட்டுவைக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், வெள்ளை ஈ அங்கிருந்து இங்கே தாவும்.

மீதி மூன்று சென்ட்டைச் சும்மா விடாமல் புதரை வெட்டி, முதல் நல்ல மழையில் சென்டுக்கு 200 கிராம் வீதம் சணப்பை என்ற பசுந்தாள் உரப்பயிரை நெருக்கி விதையுங்கள். நாற்பத்தைந்து நாளில், பூ எடுக்கும்போது வெட்டி அங்கேயே பரப்பிவிடலாம். காய் முற்றவிட்டால் சணப்பையே அடுத்த களை.

ஒரு சென்ட்டில் எப்படிப் பொறுக்கினாலும் கோரை கொஞ்சம் மிஞ்சும். தலை காட்டியதை மூன்று வாரத்துக்குள் கிள்ளி எடுங்கள், அதற்குப் பிறகு புதுக்கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும். விடாமல் எடுத்தால் தைப்பட்டத்துக்குள் பழைய கிழங்கின் சேமிப்பு பெருமளவு தீர்ந்திருக்கும். அப்போது இரண்டாவது சென்ட்டைத் திறக்கலாம்.