காய்ச்சல் உண்டா என்று வாசலில் வந்து கேட்பவர்: மலை வாசகர்களின் மலேரியா கேள்விகள்

மலேரியா பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியதே இல்லை, வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரைப் பற்றியவைதான். ஏன் வருகிறார், எதற்கு விரலில் குத்துகிறார், மாத்திரையை ஏன் தன் கண் முன்னாலேயே போடச் சொல்கிறார் என்று. சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நீண்ட கடிதங்களை மட்டும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

ஊட்டி வாசகர்: டாக்டர், இந்தக் குளிரில் மலேரியா எங்கே வரப்போகிறது? ஆனாலும் நர்ஸம்மா வந்து, காய்ச்சல் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். இது தேவைதானா?

ஊட்டிக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது அநேகமாக நடக்காது, அதில் நீங்கள் சொல்வது சரி. கொசு ரத்தம் குடித்த பிறகு அதன் உடம்புக்குள் கிருமி வளர்ந்து எச்சில் சுரப்பி வரை வந்து சேர வேண்டும். அதற்கு மலேரியாக் கிருமியில் வைவாக்ஸ் வகைக்கு சுமார் 16 டிகிரி, ஃபால்சிபாரத்துக்கு சுமார் 18 டிகிரி வெப்பமாவது வேண்டும். ஊட்டியில் அது தொடர்ந்து கிடைப்பதில்லை.

ஆனால் கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் கதையே வேறு. 1897இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்த டாக்டர் ரொனால்ட் ராஸ், மசினகுடியை ஒட்டிய அந்தச் சீகூர் பக்கம்தான் மலேரியாவை ஆராயப் போனார், போன இடத்தில் தனக்கும் காய்ச்சலை வாங்கிக்கொண்டார். அதே வருடம் ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டது அவர்தான். கூடலூர், பந்தலூர் பக்கமும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன வயநாட்டுச் சரிவுதான்.

நோய் ஊட்டியில் பரவாவிட்டாலும் நோயாளி ஊட்டிக்கு வரலாம், இங்கிருந்து கீழே இறங்கவும் செய்யலாம். அதனால் நர்ஸம்மா கேட்கும் அடுத்த கேள்விக்கு, ‘சமீபத்தில் வெளியூர் போனீர்களா, யாராவது வந்தார்களா’ என்பதற்கு, யோசித்துப் பதில் சொல்லுங்கள். அவருக்கு அதுதான் முக்கியம்.

கோத்தகிரி, எஸ்டேட் சூப்பர்வைசர்: எங்கள் லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கிறார்கள். வந்த அன்றே எல்லோருக்கும் ரத்தம் எடுத்துவிட்டால் போதுமா? அவர்கள் பயப்படுகிறார்கள், உள்ளூர்க்காரர்களோ ‘இவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள்’ என்று பேசுகிறார்கள்.

வந்த அன்று எடுப்பது நல்லதுதான், ஆனால் அதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். கொசு கடித்து ஃபால்சிபாரம் காய்ச்சல் வெளியே தெரிய ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும். ஊரில் கடைசி ராத்திரி கடி வாங்கி ரயில் ஏறியவருக்கு இங்கே வந்த அன்று சோதித்தால் ஒன்றும் இல்லை என்றுதான் வரும். வைவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியும் இருக்கும். ஆகவே முதல் நாள் ஒரு சோதனை, அப்புறம் முதல் மாதம் முழுக்க வாரம் ஒருமுறையாவது லைனில் போய்க் காய்ச்சல் விசாரணை, ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி முதலிலிருந்து. இதைச் செய்ய ஆள் வந்த தகவல் சுகாதாரப் பணியாளருக்கு முதலில் கிடைக்க வேண்டுமே, அது உங்கள் கையில் இருக்கிறது. மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) புதுப்பெயர் ஏறும் நாளிலேயே அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பயம் பற்றிச் சொன்னீர்கள். பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாங்கள் மலேரியாச் சோதனைக் கிட்டோடு போனதும் லைனில் பாதிக் கதவு மூடிக்கொண்டது. அங்கேயே கொழுந்து பறிக்கும் ஜார்க்கண்ட் பெண் ஒருவர், கொஞ்சம் தமிழும் பேசுவார், தானே முன்னால் வந்து கையை நீட்டினார். பணியாளர் மோதிர விரலின் ஓரத்தைப் பஞ்சால் துடைத்து, காய விட்டு, ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டைக் கிட்டின் குழியில் வைத்து, அதற்கான திரவத்தை விட்டார். பதினைந்து, இருபது நிமிடம் எல்லோரும் அந்தச் சின்ன அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரே ஒரு கோடு, அதாவது மலேரியா இல்லை. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் தன் மொழியில் ஏதோ சொன்னார், கதவுகள் திறந்துவிட்டன. எங்களில் யார் எவ்வளவு பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது. உங்கள் லைனிலும் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துப் பணியாளரோடு சேர்த்துவிடுங்கள்.

சோதனைக்கு நிற்கும் நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கூலி போகும் என்று தெரிந்தால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: திட்டினால் நோயாளி ஒளிந்துகொள்வார், ஒளிந்தவரைக் கொசு கண்டுபிடித்துவிடும்.

நடுவட்டம் வாசகி: எங்கள் ஊர்ச் சின்கோனா பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் மலேரியா வராது என்கிறார்களே?

வேண்டாம். 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா நட்டது அதன் பட்டையிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்தான கொயினாவுக்காகத்தான், அந்தப் பெருமை உங்கள் ஊருக்கு உண்டு. ஆனால் பட்டைக்குப் பட்டை மருந்தின் அளவு மாறும், கூடினால் காது இரையும், இதயத் துடிப்பே தடுமாறும். சோதனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

கூடலூர் வாசகி: என் கணவருக்கு வைவாக்ஸ் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விட்டது. ஆனால் ஆஷா சுகாதாரப் பணியாளர் தினமும் வந்து 14 நாள் போட்டே தீர வேண்டும் என்கிறார். என் கணவருக்கு எரிச்சலாக இருக்கிறது.

எரிச்சல் புரிகிறது, ஆனால் ஆஷா பக்கம்தான் நியாயம். முதல் மூன்று நாள் குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமியை அழிக்கிறது, காய்ச்சல் நின்றது அதனால்தான். வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அது சில வாரமோ சில மாதமோ கழித்து எழுந்து மறுபடி ரத்தத்துக்கு வரும், புதிதாக எந்தக் கொசுவும் கடிக்காமலேயே. அதை அழிப்பதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை போட யாருக்கும் தோன்றாது, ஐந்தாம் ஆறாம் நாளிலேயே அட்டை அலமாரிக்குப் போய்விடும். அதனால்தான் அவர் தினமும் வருகிறார். பாதியில் விட்டால் உங்கள் கணவருக்குக் காய்ச்சல் திரும்புவது ஒருபுறம், அவரைக் கடிக்கும் கொசு பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், கண் மஞ்சளித்தால், மூச்சு வாங்கினால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து ரத்த அணுக்களை உடைக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குள்ளான குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கொடுக்கவே கூடாது, மிச்ச மாத்திரையை யாருக்கும் எடுத்துத் தராதீர்கள்.

பந்தலூர், ஆஷா பணியாளர்: நான் எடுக்கிற சோதனை எல்லாமே நெகட்டிவ். ‘ஒன்றுமே இல்லாததற்கு ஏன் குத்திக்கொண்டே இருக்கிறாய்’ என்று பாடியில் (பழங்குடிக் குடியிருப்பில்) கேட்கிறார்கள். எனக்கே சலிப்பாக இருக்கிறது, டாக்டர்.

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன்.

இலங்கையில் 1963இல் வருடத்துக்கு 17 பேருக்குத்தான் மலேரியா. முடிந்துவிட்டது என்று நினைத்துத் தெளிப்பையும் தேடலையும் தளர்த்தினார்கள். 1968, 69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்தது. நம் நாட்டிலும் அதே கதைதான், 1965இல் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது, 1976இல் 64 லட்சம். மருந்துக்கு அடங்காத கிருமி, பூச்சிக்கொல்லிக்குச் சாகாத கொசு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நோய் குறைந்ததும் வீடு வீடாகப் போனவர்களின் வேலை தளர்ந்தது பெரிய காரணம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே இலங்கை பிறகு விடாமல் தேடியது. உள்ளூரில் பிடித்த கடைசி நோயாளி 2012இல், மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2016இல். 2018 கடைசியில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அது ஒருவரோடு நின்றது. நோயே இல்லாத ஊரில் காய்ச்சல்காரருக்கு மலேரியாச் சோதனை செய்ய வேண்டும் என்று யாரோ ஒருவர் நினைத்ததால்தான் அது முடிந்தது. அந்த யாரோ ஒருவர் இந்த மலையில் நீங்கள்தான்.

2027க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லை என்ற நிலைக்கு வருவதும் 2030க்குள் ஒழிப்பதும் நம் நாட்டின் இலக்கு. சான்று கிடைக்க, தொடர்ந்து மூன்று வருடம் உள்ளூரில் யாருக்கும் தொற்றவில்லை என்று காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவார்கள்? உங்கள் ரெஜிஸ்டரை வைத்துத்தான். சோதனையே செய்யாமல் ‘பூச்சியம்’ என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை, நீங்கள் எடுத்த ஒவ்வொரு நெகட்டிவும் அந்தப் பூச்சியத்துக்குச் சாட்சி. சீனா வேகத்தில்தான் கவனம் வைத்தது: ஒரு நாளுக்குள் தகவல், மூன்று நாளுக்குள் நோயாளி எங்கே பிடித்துக்கொண்டார் என்ற விசாரணை, ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. 2021இல் சான்றும் வாங்கியது. இங்கே அந்த முதல் நாள் உங்களிடமிருந்து ஆரம்பிக்கிறது. யார் வீட்டுக்கு யார் விருந்து வந்திருக்கிறார், யார் காட்டுக்குள் தங்கித் தேன் எடுத்துவிட்டு வந்தார் என்று எந்த டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

சலிப்புக்கு நிர்வாகமும் பொறுப்பு. கிட் தீர்ந்து போகாமலும் ஊக்கத்தொகை தாமதமாகாமலும் பார்த்துக்கொள்வது அவர்கள் கடமை, இதை நான் போகும் கூட்டங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

குன்னூர் வாசகர்: எங்கள் ஹட்டிக்கும் (ஊருக்கும்) கொசுப் புகை அடிக்கச் சொல்லுங்கள்.

புகை பறக்கிற கொசுவைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கும், அவ்வளவுதான். மலையடிவாரத்தில் மலேரியா பரப்பும் ஃப்ளூவியாட்டிலிஸ் கொசு மெதுவாக ஓடும் தெளிந்த ஓடைகளின் ஓரத்தில் வளர்கிறது, நகரத்து ஸ்டீபன்சை திறந்த தண்ணீர்த் தொட்டியில். தொட்டியை மூடுங்கள், கீழே தங்கப் போனால் மருந்து தோய்த்த வலைக்குள் படுங்கள்.

கூடலூர், கல்லூரி மாணவி: எங்கள் சமூகத்தில் சிலருக்கு அரிவாள் செல் (ரத்த அணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் கோளாறு) இருக்கிறது. அவர்களுக்கு மலேரியா வராதாமே?

பாதி உண்மை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால் ஃபால்சிபாரம் முற்றி உயிருக்கு ஆபத்தாவது வெகுவாகக் குறைகிறது, தொற்றே வராது என்று அர்த்தமில்லை. இருவரிடமிருந்தும் வந்து, நோயாகவே இருப்பவர்களுக்கு மலேரியா ரொம்ப ஆபத்து. இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் கண்டது 1952இல், உங்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். கூடலூரில் பழங்குடிப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். யார் வீட்டில் அரிவாள் செல் நோயாளி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் காய்ச்சல் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மசினகுடி வாசகர்: கிட்டில் மலேரியா இல்லை என்று வந்தது. ஆனால் அப்பாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை.

இதைப் படித்ததும் காத்திருக்காமல் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கிருமி குறைவாக இருந்தால் கிட் தவறவிடலாம், ரத்தத் தடவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட, நம் மலையில் இப்படி நீளும் காய்ச்சல்களில் ஸ்க்ரப் டைபஸ் ஒரு முக்கியமான சந்தேகம். புதரில் இருக்கும் பூச்சி கடித்து வருவது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு வார் படும் இடம், காதுக்குப் பின்னால் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வலியில்லாத ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், எல்லோருக்கும் அது இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும், விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் 108க்கு அழையுங்கள். கிட் வைத்துப் பார்த்த பணியாளரிடமும் காய்ச்சல் நிற்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு வீட்டில் இதே மாதிரி இருந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.